கால் வைக்கும் இடத்தில் தண்ணீர்: காருக்குள் கசிவைத் தேடிப் பிடித்து நிறுத்துதல்

பயணி இருக்கைக்கு முன்னால் மிதியடியைத் தூக்கினால் கார்பெட் சொதசொதவென்று இருக்கிறது. அழுத்தினால் விரலிடுக்கில் தண்ணீர் எழும்புகிறது. இந்த நேரத்தில் பலருடைய கை போவது சிலிக்கான் டியூபுக்கு. அதை எட்ட வைத்துவிடுவது நல்லது. காருக்குள் தண்ணீர் நிற்பதற்குப் பெரும்பாலும் ஓட்டை காரணமல்ல, அடைப்புதான் காரணம். வைப்பருக்குக் கீழே, கதவுக்குள்ளே, சன்ரூஃப் தட்டில் என்று பல இடங்களில் மழைநீர் நுழையும் என்று தெரிந்தேதான் காரைக் கட்டுகிறார்கள். நுழைந்த நீர் வெளியே போக வழியும் வைத்திருக்கிறார்கள். அந்த வழி அடைபட்டால் நீர் அடுத்த பள்ளத்தைத் தேடும். காரில் அந்தப் பள்ளம், நாம் கால் வைக்கும் இடம்.

ஓட்டுக்கூரை ஒழுகுவதைப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும்: சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே உடைந்த ஓடு இருக்காது. காரிலும் அதே கதைதான். கூரையில் ஆன்டெனா அடியில் புகுந்த நீர், மேல்துணிக்கு மேலேயே ஊர்ந்து, முன் கண்ணாடித் தூணுக்குள் இறங்கி, காலடியில் வந்து சேரும்.

எந்தத் தண்ணீர் இது?

வெள்ளை டிஷ்யூவைக் கார்பெட்டில் அழுத்தி ஒற்றி எடுத்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நிறமில்லை, வாசனையில்லை, விரலில் பிசுக்கு இல்லை என்றால் ஏ.சி. நீர் அல்லது சுத்தமான மழைநீர். மண் கலங்கலும் இலைத்தூளும் இருந்தால் மழைநீரேதான். பச்சை, சிவப்பு, நீலம் என்று ஏதாவது சாயம், இனிப்பான ஒரு வாடை, விரலில் வழவழப்பு இருந்தால் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம். கூலன்ட் கசிந்தால் முன் கண்ணாடியின் உட்புறம் எண்ணெய் தடவியது போல மங்கல் படியும். துடைத்தாலும் சற்று நேரத்தில் திரும்ப வரும்.

அடுத்த துப்பு, எப்போது நனைகிறது என்பது. மழையே பெய்யாத நாளில், ஏ.சி. ஓடிய பிறகு நனைந்தால் தேட வேண்டிய இடம் ஒன்றுதான். மழைக்குப் பிறகும் கழுவிய பிறகும் மட்டும் என்றால் தேடல் நீளும். நிறுத்தி வைத்த கார் மழையில் நனைந்தும் உள்ளே ஈரமில்லை, தண்ணீர் தேங்கிய சாலையில் ஓட்டியபின் மட்டும் ஈரம் என்றால் தரைத்தகட்டின் ரப்பர் மூடி கழன்றிருக்கலாம், அல்லது சக்கர வளைவுக்குள் இணைப்பு விட்டிருக்கலாம். கார் எந்தப் பக்கம் சரிந்து நின்றபோது நனைந்தது என்பதையும் குறித்து வைக்க வேண்டும். பின்னால் புகுந்த நீர், மூக்கு தாழ்ந்து நிறுத்திய காரில் முன்னால் வந்து நிற்கும்.

கழற்றுதல்

மிதியடியை எடுத்துவிட்டுக் கார்பெட்டின் மேல் டார்ச் அடித்துப் பார்ப்பதில் பயனில்லை. கார்பெட்டுக்கு அடியில் விரல் கனத்துக்கு ஸ்பாஞ்ச் அல்லது கம்பளி அடுக்கு இருக்கிறது. மேலே தொட்டால் காய்ந்தது போலத் தெரிந்தாலும் அது பல லிட்டர் குடித்திருக்கும்.

பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் விட வேண்டும். இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக் அல்லது பெல்ட் இழுப்பானுக்கானது; காத்திருப்பு அதற்காகத்தான். இருக்கையை நான்கு போல்ட்கள் பிடித்திருக்கும். பல கார்களில் 14 எம்.எம். தலை அல்லது டி50 டார்க்ஸ். பிறகு கதவடி பிளாஸ்டிக் பட்டையை மேல்நோக்கி இழுத்தால் கிளிப்கள் விடும். அதற்கு முன்னால் காலடியின் பக்கவாட்டில் இருக்கும் கிக் பேனல் ஒரு பிளாஸ்டிக் நட்டிலோ கிளிப்பிலோ நிற்கும். இவை இரண்டும் வந்துவிட்டால் கார்பெட்டை நடு கன்சோல் பக்கமாக மடித்துவிடலாம்.

இப்போது கையால் தடவிப் பார்க்க வேண்டும். ஃபயர்வாலை (எஞ்சின் அறைக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகட்டுச் சுவர்) மூடியிருக்கும் அடுக்கு மேலிருந்தே நனைந்திருந்தால் நீர் டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து வருகிறது: கௌல் (வைப்பருக்கு அடியிலுள்ள மழைநீர்த் தொட்டி), புளோயர் (காற்று ஊதும் விசிறி), ஏ.சி. பெட்டி, ஹீட்டர் கோர் (சூடான கூலன்ட் ஓடும் ஹீட்டர் சுருள்), முன் கண்ணாடி ஆகியவற்றில் ஒன்று. ஃபயர்வால் காய்ந்து, கதவடி ஓரம் மட்டும் நனைந்திருந்தால் கதவு. கிக் பேனலின் பின்புறம் நீர்த்தடம் தெரிந்தால் சன்ரூஃப் குழாய், தூண், ஃபெண்டர் உள்பக்கம். காய்ந்த நீர் விட்டுப்போகும் சுண்ணாம்புக் கோடும் துருக்கறையும் புது ஈரத்தை விட நம்பகமான சாட்சிகள்.

ஏ.சி. வடிகுழாய்

இதை முதலில் பார்ப்பதற்குக் காரணம், இதுதான் அடிக்கடி காரணமாக இருக்கிறது, பார்ப்பதும் சுலபம். குளிர்ச்சுருளில் படியும் நீர் ஈரப்பதம் மிகுந்த நாளில் மணிக்கு ஒரு லிட்டர் வரைகூடச் சேரும். பெட்டியின் அடியிலிருந்து ஒரு ரப்பர் முழங்கைக் குழாய் ஃபயர்வாலைத் துளைத்து வெளியே போகிறது. ஏ.சி.யை இருபது நிமிடம் ஓடவிட்டுக் காருக்கு அடியில் பார்த்தால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். விழவில்லை, உள்ளே ஈரம் இருக்கிறது என்றால் முடிவு தெரிந்துவிட்டது.

காரை ஜாக்கி ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு (ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையக் கூடாது) குழாயின் வெளி முனையைப் பிடிக்க வேண்டும். கம்பியை விட்டுக் குத்துவது கெட்ட வழக்கம்: ரப்பர் கிழியும், ஆழமாகப் போனால் மெல்லிய அலுமினியச் சுருள் ஓட்டையாகும். ஈரத்தையும் உறிஞ்சும் வேக்குவம் கிளீனரை முனையில் வைத்து, சுற்றிலும் துணியால் அடைத்து, அரை நிமிடம் இழுப்பதே சிறந்த முறை. சளி போன்ற அழுக்கு முதலில் வரும், பின்னால் தேங்கிய நீர் குபுகுபுவென்று இறங்கும். பக்கெட்டை அடியில் வைத்துவிட்டே தொடங்க வேண்டும். வேக்குவம் இல்லையென்றால் புல் வெட்டும் மிஷினின் நைலான் நரம்பு ஒரு முழம் போதும். முனையைத் தீயில் காட்டி உருண்டையாக்கிக்கொண்டு மெதுவாகத் திருகி விடலாம். கம்ப்ரசர் காற்று அடிப்பதென்றால் 2 பார் அழுத்தத்துக்கு மேல் வேண்டாம். அதிகமானால் உள்ளே பெட்டியோடு சேரும் இடத்தில் குழாய் கழன்று, நேற்று வரை அடைப்பாக இருந்தது இன்று உடைப்பாக மாறிவிடும்.

அடைப்பே இல்லாமலும் இதே கோளாறு வரும். முழங்கைக் குழாய் ஃபயர்வால் துளையிலிருந்து உள்ளே நழுவியிருக்கலாம். வேறு வேலைக்கு டேஷ்போர்டைக் கழற்றியவர்கள் மாட்டாமல் விட்டிருக்கலாம். சுருளுக்குப் போகும் பைப்களைச் சுற்றியிருக்கும் கறுப்பு ஸ்பாஞ்ச் உதிர்ந்து, பைப்பே வியர்த்துக் காலடியில் சொட்டிக்கொண்டிருக்கலாம். இதில் வெளியே சொட்டும், உள்ளேயும் சொட்டும், ஆளைக் குழப்பும். பைப்பைத் துடைத்துக் காயவைத்து, நீர் உறிஞ்சாத மூடிய கண்ணறை ஸ்பாஞ்ச் பட்டையை இடைவெளி இல்லாமல் சுற்றினால் நின்றுவிடும்.

கௌலும் புளோயரும்

முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் நிற்கும் பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் ஒரு தொட்டி இருக்கிறது. கண்ணாடியில் விழும் மழை முழுவதும் அதில்தான் இறங்குகிறது. அதன் இரு முனைகளிலும் வடிவழி உண்டு. சில கார்களில் வெறும் துளை, சிலவற்றில் வாத்து அலகு போன்ற ரப்பர் வாய். மரத்தடியில் நிற்கும் காரில் இலையும் பூவும் மக்கி எருவாகி அந்த வாயை அடைத்துவிடும். தொட்டி நிரம்புகிறது. அதே தொட்டியின் சுவரில்தான் புளோயர் வெளிக்காற்றை இழுக்கும் சன்னலும் இருக்கிறது. மட்டம் அந்த விளிம்பைத் தாண்டியதும் நீர் நேராகக் கேபின் ஃபில்டர் மேல் விழுந்து, புளோயர் மோட்டாரை நனைத்து, காலடிக்கு இறங்கும்.

இதற்கு அடையாளங்கள் தெளிவானவை: கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் ஃபில்டர் நனைந்து அலை அலையாகச் சுருங்கியிருக்கும், புளோயரைப் போட்டால் சலசலப்பு வரும், பிரேக் போடும்போது எங்கோ தண்ணீர் ஆடும் சத்தம் கேட்கும்.

வைப்பர் கைகளின் நட்டைக் கழற்றுவதற்கு முன் கண்ணாடியில் பிளேடு நிற்கும் இடத்தை டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டால் திரும்ப மாட்டும்போது தலைவலி இல்லை. நட்டை எடுத்தும் கை வரவில்லை என்றால் பல்லில் துரு பிடித்திருக்கிறது. துருநீக்கி தெளித்துச் சற்று விட்டு, இப்படியும் அப்படியும் ஆட்ட வேண்டும். நெம்பினால் கண்ணாடி போய்விடும். மூடியை எடுத்தபின் குப்பையைக் கையால் அள்ள வேண்டும், தண்ணீர் அடித்துத் தள்ளக் கூடாது. தள்ளிய குப்பை வடிவாயில் போய் இன்னும் இறுகும். சுத்தமானதும் ஒரு லிட்டர் நீரை மெதுவாக ஊற்றினால், ஊற்றும் வேகத்திலேயே சக்கரத்துக்குப் பின்னால் கொட்ட வேண்டும். சில நொடி தேங்கினாலும் அடைப்பு இன்னும் மிச்சம்.

காற்றுச் சன்னலைச் சுற்றிய ஸ்பாஞ்ச் வளையத்தையும் அழுத்திப் பார்க்க வேண்டும். விரலில் கறுப்புத் தூளாக ஒட்டினால் அதன் ஆயுள் முடிந்தது. 10 எம்.எம். கனத்தில் ஈ.பி.டி.எம். ரப்பர் ஸ்பாஞ்ச் பட்டை, ஒரு பக்கம் பசை உள்ளது, ஒரு மீட்டர் இருந்தால் போதும். இணைப்பு முனை வளையத்தின் மேல்பக்கம் வரக் கூடாது. பிளாஸ்டிக் மூடியும் கண்ணாடியும் சேரும் உதட்டைத் தவறாமல் அமுக்கி உட்கார வைக்க வேண்டும். அது தூக்கி நின்றால் ஓடும்போது மழை நேராக உள்ளே போகும்.

தண்ணீர் விட்டுத் தேடுதல்

மேலே சொன்ன இரண்டும் சரியாக இருந்தால் ஆள் இருவர், ஒரு ஹோஸ், ஒரு டார்ச். ஒருவர் உள்ளே மடித்த கார்பெட்டுக்கு மேல் குனிந்திருக்க, மற்றவர் வெளியே. ஹோஸில் முனைத்துப்பாக்கி வேண்டாம். நீர் சும்மா வழிந்தால் போதும். பிரஷர் வாஷர் அடித்தால் நல்ல சீலும் கசியும், தப்பான இடத்தைக் குற்றவாளி ஆக்கும்.

கீழிருந்து மேலே போக வேண்டும். இதை மாற்றக் கூடாது. கூரையில் ஊற்றினால் நீர் எல்லா இடத்தையும் நனைத்துக்கொண்டு இறங்கும், எது கசிந்தது என்று சொல்ல முடியாது. முதலில் சக்கர வளைவு, பிறகு கதவின் கீழ்ப்பாதி, கதவுக் கண்ணாடி விளிம்பு, கௌல் முனை, முன் கண்ணாடியின் அடி ஓரம், பக்கம், மேல் ஓரம், கடைசியில் கூரை. ஒவ்வோர் இடத்துக்கும் ஐந்திலிருந்து பத்து நிமிடம். அவசரப்படுகிறவர்கள் தோற்பது இங்கேதான்: உள்ளே ஒரு பள்ளம் நிரம்பி வழிந்த பிறகுதான் முதல் சொட்டு வரும் கசிவுகள் உண்டு.

உள்ளே இருப்பவர் உலர்ந்த தகட்டின் மேல் டால்கம் பவுடரைத் தூவி வைத்தால் நீர் வந்த பாதை கோடாக விழும். டிஷ்யூவைத் துண்டு துண்டாகக் கிழித்து ஒவ்வொரு கிராமெட்டுக்குக் கீழும் (வயர் நுழையும் துளையின் ரப்பர் வளையம்) செருகி வைப்பதும் உண்டு. எது முதலில் நனைகிறதோ அதன் மேல்தான் வழி.

தண்ணீர் காட்டிக்கொடுக்காத கசிவுக்குத் தலைகீழ் முறை: கண்ணாடிகளை ஏற்றி, புளோயரை வெளிக்காற்று நிலையில் முழு வேகத்தில் ஓடவிட்டால் உள்ளே காற்றழுத்தம் கூடும். வெளியே சந்தேகப்படும் ஓரங்களில் சோப்பு நீரைப் பிரஷ்ஷால் தடவினால் கசியும் இடத்தில் குமிழி கிளம்பும். உள்சுழற்சி நிலையில் வைத்தால் அழுத்தம் ஏறாது. இந்த இரண்டு சோதனைக்கும் பேட்டரி தேவைப்பட்டால் கழற்றிய இருக்கையின் கனெக்டர்களை மாட்டிவிட்டே இணைக்க வேண்டும்.

கதவு

கதவுக் கண்ணாடியின் வெளி ரப்பர் மழையை முழுதாகத் தடுப்பதில்லை. தடுக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. நீர் கதவின் குடலுக்குள் இறங்கி, அடி விளிம்பில் உள்ள துளைகள் வழியே வெளியேறும். அந்தத் துளைகளை ஒரு மரக்குச்சியால் சுத்தம் செய்வது ஐந்து நிமிட வேலை. அடைபட்ட கதவைத் திறந்து மூடினால் உள்ளே களக் களக்கென்று கேட்கும்.

துளைகள் சரி, ஆனாலும் கதவடியில் ஈரம் என்றால் கதவின் உட்புற மூடியான டோர் பேடைக் கழற்ற வேண்டும். பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாளோ ஸ்பாஞ்ச் விரிப்போ கறுப்புப் பியூட்டைல் பசையில் ஒட்டியிருக்கும். அதுதான் ஈரக் கதவுக்கும் காய்ந்த கேபினுக்கும் நடுவில் நிற்கும் ஒரே சுவர். ஸ்பீக்கர் மாற்றியவர்களும் பவர் விண்டோ சரிசெய்தவர்களும் அதைக் கிழித்துவிட்டு, அங்கங்கே ஒட்டிவிட்டுப் போவது வழக்கம். கீழ் விளிம்பு ஒரு விரலகலம் பிரிந்திருந்தாலும் போதும். நீர் அந்தத் தாளில் வழிந்து, பேடின் அடியில் இறங்கி, கதவுச் சட்டத்தின் ரப்பர் பட்டையான பீடிங்கைத் தாண்டிக் கார்பெட்டுக்கு வரும்.

பழைய பியூட்டைலைச் சுரண்டினால் இழுபட்டு எங்கும் ஒட்டும். புதுப் பியூட்டைலில் ஓர் உருண்டை பிடித்து ஒற்றி ஒற்றி எடுத்தால் பழையது அதோடு வந்துவிடும். தகட்டைத் துடைத்துக் காயவைத்து, 6 முதல் 8 எம்.எம். கனமுள்ள பியூட்டைல் கயிற்றை ஒரே ஓட்டமாகச் சுற்றி ஒட்ட வேண்டும். தாளின் கீழ் முனை கதவின் உள்ளே திரும்பி விழும்படி இருக்க வேண்டும். வெளியே தொங்கினால் நீரை நாமே கேபினுக்கு அழைத்து வருகிறோம். ஹேர் டிரையரில் சற்றுச் சூடு காட்டி ரோலரால் அமுக்கினால் பிடிப்பு இறுகும்.

கதவுக்கும் தூணுக்கும் நடுவில் வயர்களை மூடும் மடிப்பு ரப்பர் குழாயையும் இதே வேளையில் பார்த்துவிடலாம். அது தூணில் முழுதாக உட்காரவில்லை என்றால் நீர் வயரையே பாதையாகப் பிடித்துக் கிக் பேனலுக்குள் இறங்கும்.

பீடிங் பிடிக்கிறதா என்று பார்க்க ஒரு தாளைக் கதவில் வைத்து மூடி இழுத்தால் போதும். தடையில்லாமல் வந்தால் அந்த இடம் அமுங்கியிருக்கிறது.

சன்ரூஃப்

கண்ணாடியைச் சுற்றிய ரப்பரை மாற்றிக் காசைக் கரைப்பவர்கள் உண்டு. அது பெரும்பகுதி நீரைத் தடுக்கும், அவ்வளவுதான். மிச்சத்தை அடியில் இருக்கும் தட்டு வாங்கி, மூலைக் குழாய்கள் வழியே அனுப்பும். பெரும்பாலான கார்களில் மூலைக்கு ஒன்றாக நான்கு குழாய். முன் இரண்டும் முன் கண்ணாடித் தூணுக்குள் இறங்குகின்றன. திறந்து, முன் மூலையில் 100 மில்லி நீரைச் சிறு பாட்டிலால் ஊற்றினால் அடுத்த சில நொடிகளில் வெளியே எங்காவது வர வேண்டும். நின்றால் அடைப்பு. உள்ளே வந்தால் குழாய் இணைப்பு விட்டிருக்கிறது, தூணின் டிரிம்மைக் கழற்றித்தான் தீர வேண்டும். பக்கவாட்டில் திரை போல விரியும் கர்ட்டன் ஏர்பேக் அங்கேதான் இருக்கும் என்பதால் பேட்டரி விதி இங்கும் உண்டு. அடைப்புக்கு அதே நைலான் நரம்பு. காற்று அடிப்பது இங்கே இன்னும் ஆபத்து.

கண்ணாடி ஓரம், இணைப்பு, கிராமெட்

கண்ணாடி மாற்றிய பிறகு தொடங்கிய கசிவு என்றால் யூரித்தேன் பசையில் இடைவெளி இருக்கிறது. மேலிருந்து சீலன்ட் தடவுவது ஒரு பருவத்துக்குத் தாங்கலாம். சரியான வழி, கண்ணாடியை எடுத்து, விளிம்புத் தகட்டின் துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து மறுபடி ஒட்டுவது. பயணி பக்க ஏர்பேக் விரியும்போது முன் கண்ணாடியில் முட்டுக் கொடுத்தே நிற்கிறது; ஒட்டும் வேலையைத் தெரிந்தவரிடம் விடுவதற்கு அந்த ஒரு காரணம் போதும்.

ஃபயர்வாலில் வயர் புகும் கிராமெட்டுகளில் பிறகு யாரோ கூடுதலாக ஒரு வயர் இழுத்திருந்தால் அதுவே முதல் சந்தேகம். ரப்பரைக் கிழித்து நுழைத்த வயர் நீருக்குப் பாலம். தகட்டு இணைப்புகளில் பூசிய சீலர் வெடித்திருந்தால் விரிசலை வி வடிவில் சுரண்டி, காய்ந்த தகட்டில் பிரைமர் அடித்து, பாலியூரித்தேன் சீம் சீலர் பூசி ஒரு நாள் விட வேண்டும். பூசுவது எப்போதும் வெளிப்பக்கம். உள்ளே பூசினால் நீர் தகட்டு மடிப்புக்குள் மாட்டிக்கொண்டு மௌனமாகத் துருவேற்றும். புளித்த வாடை வரும் சாதாரணச் சிலிக்கான் காயும்போது அசிட்டிக் அமிலம் விடும். வெறும் இரும்பை அது அரிக்கும், அதன் மேல் பெயின்டும் நிற்காது. எந்த வடிதுளையையும் ஓட்டை என்று நினைத்து அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படி அடைத்தவை நிறைய.

கூலன்ட் என்றால்

எஞ்சின் ஆறிய பிறகு ரேடியேட்டரில் பிரஷர் டெஸ்டரை மாட்டி, மூடியில் எழுதிய அழுத்தம் வரை மட்டும் ஏற்றி, கால் மணி நேரம் பார்க்க வேண்டும். முள் இறங்கி, வெளியே எங்கும் ஈரமில்லை என்றால் ஹீட்டர் கோர். சில நேரம் கோர் நன்றாக இருக்கும், பைப் சேரும் இடத்தின் ஓ-ரிங் மட்டும் போயிருக்கும். அதை முதலில் பார்ப்பது டேஷ்போர்டைப் பிரிக்கும் வேலையை மிச்சப்படுத்தலாம். கூலன்டில் பொதுவாக இருக்கும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு, இனிப்பாக வேறு இருக்கும். ஊறிய கார்பெட்டைக் குழந்தைகளும் நாய் பூனையும் அண்டாத இடத்தில் அலச வேண்டும்.

காயவைத்தல்

வேக்குவத்தால் உறிஞ்சி, கார்பெட்டுக்கு அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுத்து, மின்விசிறியை அந்த இடைவெளிக்குள் ஊதும்படி வைக்க வேண்டும். இரண்டிலிருந்து நான்கு நாள் ஆகும். ஒன்றிரண்டு நாள் ஈரமாகவே கிடந்தால் பூஞ்சணம் தொடங்கிவிடும், ஆகவே கசிவு தெரியும் வரை காத்திராமல் உலர்த்துவதை உடனே ஆரம்பிப்பது நல்லது. காய்ந்தும் நாறும் ஸ்பாஞ்சை வெட்டி எறிவதே வழி. இருக்கை அடியிலும் கிக் பேனலிலும் கனெக்டர்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பச்சைப் பூச்சு இருந்தால் கான்டாக்ட் கிளீனர். தரைத்தகட்டில் துரு தெரிந்தால் கம்பிப் பிரஷ், துருமாற்றி, பிரைமர், பெயின்ட்.

கார்பெட்டை விரிப்பதற்கு முன் கசிந்த அதே இடத்தில், அதே ஹோஸால், முன்பு சொட்ட எடுத்துக்கொண்ட நேரத்தைப் போல இரண்டு மடங்கு தண்ணீர் விட வேண்டும். டிஷ்யூ உலர்ந்தே இருந்தால் அடுக்கை மூடலாம். இருக்கை போல்ட்டை அந்தக் காரின் மேனுவல் சொல்லும் டார்க்கில் முறுக்கி, மஞ்சள் கனெக்டரை மாட்டி, அதன் பூட்டு கிளிக்கென்று விழுந்ததைப் பார்த்த பிறகே பேட்டரி டெர்மினல். முறை மாறி, கனெக்டர் மாட்டாத நிலையில் சாவியைத் திருப்பினால் பல கார்களில் ஏர்பேக் விளக்கு எரிந்து, ஸ்கேனர் வைத்து அழிக்கும் வரை அணையாது.